ஒன்டாரியோவில் ஓட்டுநர் உரிமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவில் புதிதாகக் குடியேறியவர்களின் முதல் ஆண்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உரிம விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும் என்பதால், இங்கே சொல்லப்படுபவை ஒன்டாரியோவுக்கு மட்டுமே பொருந்தும்.

தமிழ்நாட்டில் உரிமம் எடுத்து ஒன்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டியிருக்கிறேன். நிரந்தர வதிவிட உரிமையுடன் இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. இந்திய உரிமத்தைக் கொடுத்து ஒன்டாரியோ உரிமம் வாங்க முடியாது என்கிறார்கள். அப்படியானால் கல்லூரிப் பையனைப் போல நானும் முதலிலிருந்தே தொடங்க வேண்டுமா?
– வாசகர், மிசிசாகா

தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் காத்திருப்புக் காலத்தை உங்கள் பழைய அனுபவத்தைக் காட்டித் தவிர்க்கலாம். ஒன்டாரியோவில் 1994 முதல் படிநிலை உரிம முறை நடைமுறையில் இருக்கிறது. எழுத்துத் தேர்விலும் பார்வைச் சோதனையிலும் தேறினால் ஜி1, முதல் சாலைத் தேர்வில் தேறினால் ஜி2, நெடுஞ்சாலையில் ஓட்டிக்காட்டும் இரண்டாம் சாலைத் தேர்வில் தேறினால் முழு ஜி என்று மூன்று படிகள். புதிதாகக் கற்பவர் ஜி1 பெற்று 12 மாதமும், ஜி2 பெற்று மேலும் 12 மாதமும் காத்திருந்த பிறகே அடுத்த தேர்வுக்குப் போக முடியும். கடந்த 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் உரிமத்துடன் கார் ஓட்டியதாக நிரூபிப்பவருக்கு இந்த இரண்டு காத்திருப்புகளும் இல்லை. எழுத்துத் தேர்வில் தேறியதும் அவர் நேராக ஜி சாலைத் தேர்வுக்கே பதிவு செய்துகொள்ளலாம்.

சிக்கல் எல்லாம் "நிரூபிப்பவர்" என்பதில்தான் இருக்கிறது. 12 மாதத்துக்கு மேற்பட்ட அனுபவத்தைக் கணக்கில் கொள்ள வேண்டுமானால், உரிமம் வழங்கிய அலுவலகமோ இங்குள்ள உங்கள் நாட்டுத் தூதரகமோ அதிகாரபூர்வத் தாளில் கொடுத்த உறுதிக் கடிதம் தேவை. உங்கள் உரிம எண் இந்திய அரசின் பரிவாஹன் தளத்தில் தெரிகிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். முன்பு புத்தக வடிவில் உரிமம் வாங்கிய பலருடைய விவரம் கணினியில் ஏற்றப்படாமலே இருக்கிறது. அவர்கள் உரிமம் தந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியாகத்தான் அதைப் பதிவேற்றிக்கொள்ள வேண்டும். கடல் கடந்து வந்த பிறகு இதற்கு ஆகும் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கடிதத்தில் முதன்முதலில் உரிமம் வழங்கப்பட்ட தேதியும், அது கார் ஓட்டுவதற்கான உரிமம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டு புதுப்பித்த அட்டையில் புதுப்பித்த தேதி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் ஒன்பது ஆண்டு அனுபவம் ஓராண்டாகச் சுருங்கிவிடும். இருசக்கர வாகனத்துக்கு மட்டும் எடுத்த உரிமத்தைக் கார் அனுபவமாகக் காட்ட முடியாது.

இரண்டு கெடுகளை மறந்துவிடாதீர்கள். ஒன்டாரியோவில் குடியேறிய நாளிலிருந்து 60 நாள் வரை மட்டுமே உங்கள் இந்திய உரிமத்தைக் கொண்டு இங்கே ஓட்டலாம்; உங்களுக்கு அதில் பாதி கழிந்துவிட்டது. மற்றொன்று, மேலே சொன்ன "கடந்த 3 ஆண்டுகள்" என்ற வரம்பு. பேருந்திலும் சுரங்க ரயிலிலும் காலத்தை ஓட்டிவிட்டு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களுடைய ஊர் அனுபவம் ஒருநாள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வுக்கு முன்பதிவு தேவையில்லை. அடையாள ஆவணங்களுடன், ஓட்டுநர் தேர்வுகளை நடத்தும் டிரைவ்டெஸ்ட் நிலையத்துக்கு நேரே போகலாம். எழுத்துத் தேர்வு, 5 ஆண்டு உரிமம், ஒரு ஜி2 சாலைத் தேர்வு ஆகிய மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 160 டாலர் வாங்குகிறார்கள்.

ஒன்று மட்டும் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஜி1 உரிமம் உங்கள் பெயரில் வந்த நாளிலிருந்து, ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும், நீங்களும் ஜி1 நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர். 4 ஆண்டு அனுபவமுள்ள முழு உரிமக்காரர் ஒருவர் பக்கத்து இருக்கையில் அமராமல் வண்டியை எடுக்கக் கூடாது. நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும் டான் வேலி, கார்டினர் போன்ற விரைவுச் சாலைகளிலும் ஏறக் கூடாது. உரிமம் பெற்ற பயிற்சியாளர் உடன் இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. இரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறேன். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் வேகமாக வராது. எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? கொழும்பிலிருந்து கடிதம் எடுப்பது எப்படி?
– வாசகி, ஸ்கார்பரோ

உண்மைதான். ஜி1 எழுத்துத் தேர்வை ஆங்கிலம், பிரெஞ்சு தவிர வேறு பல மொழிகளிலும் எழுதலாம். அவற்றில் தமிழும் ஒன்று. வீதிக் குறிகள் பற்றி 20, வீதி விதிகள் பற்றி 20 என மொத்தம் 40 கேள்விகள். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 16 சரியாக இருக்க வேண்டும். ஒன்றில் 20 எடுத்து மற்றதில் 15 எடுத்தால் தேற மாட்டீர்கள்.

இருந்தாலும் பரீட்சையைத் தமிழில் எழுதுங்கள், படிப்பை ஆங்கிலத்தில் படியுங்கள் என்பதே என் யோசனை. மாகாண அரசு வெளியிடும் ஓட்டுநர் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, வீதிப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, சாலைத் தேர்வில் பரீட்சகர் கொடுக்கும் கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே வரும். பக்கத்தில் இருப்பவர் "புல் ஓவர்" (ஓரமாக நிறுத்துங்கள்) என்றதும் கை தானாகவே சிக்னலைப் போட வேண்டும். அந்த நொடியில் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் இராது. பயிற்சி வகுப்பைத் தமிழில் நடத்தும் ஆசிரியராக இருந்தாலும் கட்டளைகளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் அதற்குரிய இடம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். அனுமதிப்பத்திரப் பிரிவு வேரஹெரவில் இருக்கிறது. இன்னும் நாட்டிலிருந்து புறப்படாத உறவினர்கள் இருந்தால், பயணச் சீட்டு எடுக்கும் வேகத்திலேயே இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் டொரொன்டோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம். "கடிதம் நாங்கள் அடித்துத் தருகிறோம்" என்று காசு கேட்பவர்கள் நம் கடைத்தெருக்களில் எட்டிப்பார்ப்பது உண்டு. பொய் ஆவணம் கொடுப்பது குற்றம். பிடிபட்டால் உரிமம் போவதோடு நிற்காது. குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஒருவர் சில மாதக் காத்திருப்பைக் குறைப்பதற்காக எடுக்கிற துணிச்சல் அல்ல இது.

பன்னிரண்டு வருடம் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து, அங்கேயே லைசென்ஸ் எடுத்தவன். இப்போது குடும்பத்தோடு டொரொன்டோவுக்கு வந்திருக்கிறேன். எனக்கும் இதே விதிகள்தானா?
– வாசகர், மார்க்கம்

இல்லை, உங்கள் வழி சுலபம். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளுடன் ஒன்டாரியோவுக்கு உரிமப் பரிமாற்ற உடன்பாடு உண்டு. கடந்த 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டு ஓட்டிய அனுபவம் இருந்தால், பார்வைச் சோதனையுடன் முழு ஜி உரிமம் கிடைத்துவிடும். எழுத்துத் தேர்வும் இல்லை, சாலைத் தேர்வும் இல்லை. சுவிஸ் அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால் காப்பீட்டுக்காக அதன் இரு பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி இலங்கை உரிமம் மட்டுமே வைத்திருந்தால் அவருக்கு மேலே சொன்ன பாதைதான்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருபது ஆண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன் நான். இங்கே நேரடியாக ஜி தேர்வுக்குப் போய்த் தோற்றேன். நான் ஒரு தவறும் செய்யவில்லை. யார் மீதும் மோதவில்லை. பரீட்சகர் வேண்டுமென்றே தோற்கடித்ததாக நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– வாசகர், பிராம்டன்

நண்பர்கள் சொல்வதை ஒதுக்கிவிட்டு, தேர்வு முடிந்ததும் கொடுத்த மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எது குறைந்தது என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். "மோதவில்லை" என்பது சென்னையில் நல்ல ஓட்டுநருக்கு அடையாளமாக இருக்கலாம். இங்கே பரீட்சகர் பார்ப்பது, மோதல் நேரவே வாய்ப்பில்லாதபடி நீங்கள் முன்கூட்டியே பார்த்தீர்களா, பார்த்ததைக் காட்டினீர்களா என்பதை. நீண்ட அனுபவம் உள்ளவர்களே அதிகம் தடுமாறுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புதிதாகக் கற்பவனுக்குப் பழக்கம் ஏதும் இல்லை. உங்களுக்கோ இருபது ஆண்டுப் பழக்கத்தைக் கை கால்களிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் தலை திரும்ப வேண்டும். தடம் மாறும்போதும் ஓரத்திலிருந்து வண்டியை எடுக்கும்போதும் கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது; தோளுக்கு மேலாகத் திரும்பிக் கண்ணாடியில் தெரியாத பகுதியையும் பார்க்க வேண்டும். ஒரு நொடி கண்ணை ஓட்டிவிட்டு "பார்த்தேன்" என்றால் பரீட்சகருக்கு அது தெரியாது.

அடுத்தது "ஸ்டாப்" பலகை. சக்கரம் முற்றிலும் நின்றாக வேண்டும், அதுவும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால். சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் உருட்டிக்கொண்டே போனால் அங்கேயே தோல்விதான். நான்கு பக்கமும் ஸ்டாப் இருக்கும் சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு வழி. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்புவதற்கு, தடைப் பலகை இல்லாத இடங்களில் அனுமதி உண்டு. அதற்கும் முதலில் முழுதாக நிற்க வேண்டும் என்பதையும், பச்சை விளக்கில் சாலையைக் கடக்கிறவருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இடப்பக்கம் திரும்புவது நமக்கென்றே வைத்த கண்ணி. ஊரில் சாலையின் இடப்புறம் ஓட்டிய நமக்கு எதிர்வரிசையைக் குறுக்காகக் கடக்கிற திருப்பம் வலப்பக்கத் திருப்பம். இங்கே அது இடப்பக்கம் மாறிவிடுகிறது. பச்சை விளக்கு வந்ததும் சந்திக்குள் நுழைந்து, சக்கரத்தை நேராக வைத்துக் காத்திருந்து, எதிரே வருபவை போன பிறகு, போகிற சாலையில் அருகிலுள்ள தடத்துக்குள் திரும்ப வேண்டும். பதற்றத்தில் பழைய ஞாபகம் வந்து எதிர்த்தடத்தில் நுழைந்தவர்கள் உண்டு. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருக்கும் சிக்னல் நெம்புகோல் இங்கே இடக்கைப் பக்கம் இருப்பதால், வெயிலில் வைப்பர் ஓடுகிற வேடிக்கையும் நடக்கும். அதற்காகத் தோற்கடிக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் நிதானம் குலைந்துவிடும்.

ஜி தேர்வின் உயிர்நாடி நெடுஞ்சாலைப் பகுதி. ஏறு தடத்திலேயே வேகத்தைக் கூட்டி, சாலையில் ஓடும் வண்டிகளின் வேகத்துக்கு வந்த பிறகுதான் கலக்க வேண்டும். "பாதுகாப்பாக" 60இல் நுழைபவர், 100இல் வருகிற சரக்கு லாரிக்கு ஆபத்தை உண்டாக்குகிறார். நம்மவர்கள் பலர் வேகத்துக்காக அல்ல, மந்தத்துக்காகவே தோற்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய 3 மாதங்களில் நெடுஞ்சாலையில் எத்தனை முறை, எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று அன்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். போதிய பழக்கம் இல்லையென்றால் தேர்வு நடக்காது, கட்டணத்தில் பாதியும் போய்விடும். ஜி1 உரிமத்தோடு நெடுஞ்சாலையில் பழக ஒரே முறையான வழி பயிற்சியாளரை அழைத்துக்கொண்டு போவதுதான்.

நேரடி ஜி தேர்வில் தோற்ற நீங்கள் இனி ஜி2 தேர்வில் தேறிவிட்டு மறுபடி ஜிக்கு வர வேண்டியிருக்கும். அதைப் பின்னடைவாக எண்ண வேண்டாம். ஜி2 கையில் இருந்தால் தனியாக வேலைக்கு ஓட்டிப் போகலாம், நெடுஞ்சாலையிலும் ஏறலாம்; அந்தப் பழக்கத்துடன் எழுதும் ஜி தேர்வு வேறு மாதிரி இருக்கும். உண்மையில், அனுபவம் உள்ளவர்களும் முதலில் ஜி2 எழுதுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். காத்திருப்பு விலக்கு உள்ளவர்களுக்கு இரண்டுக்கும் இடையே கட்டாய இடைவெளி இல்லை.

என் தாயாருக்கு வயது 54. ஊரில் சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. குளிர்காலத்தில் பேருந்துக்குக் காத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது, கார் பழக வேண்டும் என்கிறார். அப்பா தானே சொல்லித் தருவதாகச் சொல்கிறார். இந்த வயதில் முடியுமா?
– வாசகி, ஏஜாக்ஸ்

வயது தடையே இல்லை. ஜி1 பெற்ற பிறகு, அப்பா 4 ஆண்டு அனுபவமுள்ள முழு ஜி உரிமக்காரராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கலாம். ஆனால் கணவர் மனைவிக்குக் கார் பழக்குவதைப் பற்றி எங்களுக்கு வந்துள்ள கடிதங்களை வைத்துப் பார்த்தால், முதல் சில வாரங்களுக்காவது வெளியாள் ஒருவர் நல்லது. மாகாணப் போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த பள்ளியில் தொடக்க ஓட்டுநர் பயிற்சி பெற்றால் ஜி1 காத்திருப்பு 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறையும். காப்பீட்டிலும் சில நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. அந்தப் பயிற்சி குறைந்தது 40 மணி நேரம். அதில் 20 மணி வகுப்பறை, 10 மணி காருக்குள். அந்த 40 மணி நேரத்தில் பாதியைக்கூட நடத்தாமல் சான்றிதழ் மட்டும் தருகிற பள்ளி மலிவாகத் தோன்றினாலும், உங்கள் அம்மாவுக்குத் தேவை அந்த 10 மணி நேரம்தான்.

அவர் பனியில் ஓட்டத்தானே விரும்புகிறார்? கோடையில் உரிமம் வாங்கிவிட்டு டிசம்பரில் முதன்முறையாகத் தனியே இறங்கினால் பயந்துவிடுவார். ஒரு குளிர்காலத்தையாவது ஜி1 காலத்திலேயே, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கடக்கும்படி திட்டமிடுங்கள்.

ஸ்கார்பரோவில் சாலைத் தேர்வு எடுத்தால் தேறுவது கடினம், லின்ட்சேக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு தேறலாம் என்கிறார்களே?
– வாசகர், ஸ்கார்பரோ

கண்ணைத் திறந்துகொண்டே போங்கள். லின்ட்சே போன்ற சிறு ஊர்களில் நெரிசல் குறைவு, பல தடச் சந்திகள் குறைவு, 400 வரிசை நெடுஞ்சாலை இல்லாததால் 80 கிலோமீட்டர் வேகச் சாலையிலேயே ஜி தேர்வின் நெடுஞ்சாலைப் பகுதி முடிந்துவிடுகிறது என்பதெல்லாம் சரி. எந்த நிலையத்தில் எழுதினாலும் உரிமம் ஒன்றுதான். இது சட்டத்துக்கு விரோதமும் அல்ல. சீக்கிரமாக நாள் கிடைக்கிறது என்பதற்காகப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் அன்றாடம் ஓட்டப்போவது 401இலும் மார்க்கம் ரோட்டிலும். அங்கே ஓட்டப் பயந்து லின்ட்சேயில் தேறினால், உங்கள் முதல் நெடுஞ்சாலைப் பயணம் பரீட்சகர் இல்லாமல், பின் இருக்கையில் பிள்ளைகளோடு நடக்கும். போர்ட் யூனியன் நிலையத்திலோ மெட்ரோ ஈஸ்ட் நிலையத்திலோ தேறும் அளவுக்குப் பழகிக்கொண்டு, பிறகு எங்கே முதலில் நாள் கிடைக்கிறதோ அங்கே எழுதுங்கள். நாளை மாற்ற வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லையேல் பாதிக் கட்டணம் போகும்.

ஜி2 எடுத்துவிட்டேன். ஆனால் காப்பீட்டுக்குக் கேட்கிற தொகை காரின் மாதத் தவணையை விட அதிகமாக இருக்கிறது. வேறு ஊரில் இருக்கும் சித்தப்பாவின் முகவரியில் காரைப் பதிந்தால் பாதியாகக் குறையும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?
– வாசகர், பிராம்டன்

செய்யக் கூடாது. கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதையும் வைத்துத்தான் காப்பீட்டுத் தொகை கணக்கிடப்படுகிறது. பொய் முகவரி கொடுத்தது விபத்துக்குப் பிறகு தெரிய வந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம். அப்படி ரத்தானவரை அடுத்த நிறுவனம் எடுத்துக்கொள்ளத் தயங்கும், எடுத்தாலும் இப்போது கேட்பதைவிடப் பன்மடங்கு கேட்கும். காப்பீடே இல்லாமல் ஓட்டுவது அதைவிட மோசம்: முதல் குற்றத்துக்கே அபராதம் 5,000 டாலரில் தொடங்கி 25,000 வரை போகும்.

நேர்மையாகக் குறைக்கச் சில வழிகள் உண்டு. உரிம அலுவலகம் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு அனுபவத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ஏற்பதில்லை; சில ஏற்கின்றன. எனவே இந்தியாவில் காப்பீடு தந்த நிறுவனத்திடமிருந்து, இத்தனை ஆண்டுகள் இழப்பீடு கோரவில்லை என்ற கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டு, பல நிறுவனங்களுடன் வேலை செய்யும் தரகர் ஒருவரிடம் பேசுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கார் வைத்திருந்தால், அவருடைய காப்பீட்டில் எப்போதாவது ஓட்டுபவராக உங்கள் பெயரைச் சேர்த்து இங்கத்திய காப்பீட்டு வரலாற்றைத் தொடங்கலாம். பழைய, எளிய காரைத் தேர்ந்தெடுப்பது, குளிர்கால டயர் போடுவது, முழு ஜி உரிமத்தைத் தாமதிக்காமல் எடுத்துவிடுவது ஆகியவையும் உதவும்.

கைபேசி விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ஜி2 காலத்தில் ஓட்டும்போது கையில் கைபேசி வைத்திருந்ததாகத் தீர்ப்பானால் முதல் முறையிலேயே உரிமம் 30 நாள் முடக்கப்படும். அந்தப் பதிவைக் காப்பீட்டு நிறுவனம் எளிதில் மறக்காது.

அப்பா அம்மா ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். அப்பா நன்றாக ஓட்டுவார். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர அவர் என் காரை எடுக்கலாமா?
– வாசகர், வாட்டர்லூ

பார்வையாளராக வருபவர் 3 மாதம் வரை தம் நாட்டு உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். அதற்கு மேல் தங்கினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை இங்கிருந்து வாங்க முடியாது. இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். அவர் ஓட்டப்போவதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பெயரைச் சேர்க்க வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன், மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளைச் சிமிட்டியபடி நின்றால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நின்றாக வேண்டும் என்பதை அவருக்கு நேரில் காட்டிவிடுங்கள். நம் ஊரில் இல்லாத இந்த விதியை மீறினால் முதல் முறைக்கே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம் விதிப்பார்கள்.